பெரிய ஆபரேஷனுக்கு உடன்பட நமக்குக் கடமை உண்டா?



நான் முன்பு இருந்த ஒரு பங்கில், தபசு காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் சிலுவைப்பாதை முடிந்த பிறகு, பெரியவர் ஒருவர் என்னைத் தேடி அறைக் கதவருகே வந்து நின்றார். வழக்கமாகத் “தோத்திரம் சுவாமி” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறவர் அன்று போகவில்லை. கையில் ஆஸ்பத்திரிப் பை ஒன்று இருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“சுவாமி, எனக்கு ஆசனக் குடலில் புற்றுநோயாம். பெரிய ஆபரேஷன் செய்து குடலை எடுத்துவிட்டு, வயிற்றில் வழி வைத்துப் பை மாட்டவேண்டும் என்கிறார் ஒரு டாக்டர். முதலில் கரண்ட் வைத்து, மருந்து ஏற்றிப் பார்க்கலாம், சிலருக்கு ஆபரேஷன் இல்லாமலே போய்விடுகிறது என்கிறார் இன்னொருவர். பையன்கள் இரண்டு பேரும் வேரோடு எடுத்துவிடச் சொல்லி நிற்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. வேண்டாம் என்று சொன்னால் பாவமா சுவாமி? உயிரை நானே போக்கிக்கொண்ட கணக்காகுமா?”

இந்தக் கேள்விக்கு நான் அன்று உடனே பதில் சொல்லவில்லை. காரணம் உண்டு. அதற்குப் பல வருஷங்களுக்கு முன், நான் இளம் குருவாயிருந்த காலத்தில், இதே போன்ற நோயுற்ற ஒருவர் இதே போன்ற கேள்வியைக் கேட்டார். நான் சற்றும் யோசியாமல், “சர்வேசுரன் தந்த உயிரைக் காப்பாற்ற வழி இருக்கும்போது வேண்டாமென்பது ஐந்தாம் கற்பனைக்கு விரோதம், தைரியமாகப் போய்ப் படுத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லி அனுப்பினேன். அவர் போனார். ஆபரேஷனும் நடந்தது. என்ன ஆயிற்று என்பது இங்கே முக்கியமல்ல. அவர் போனது என் வார்த்தைக்குப் பயந்து என்பதுதான் முக்கியம். திருச்சபை சுமத்தாத பாரம் ஒன்றை நான் அவர் தோளில் ஏற்றிவிட்டேன். வேதசாஸ்திரத்தில் படித்ததை நான் சரியாக நினைவில் வைத்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்.

ஆகையால் இந்த வாரம் இந்த விஷயத்தைச் சற்று விரிவாக எழுதுகிறேன். அந்தப் பெரியவரிடம் டெலிபோனில் உத்தரவு கேட்டேன். “எழுதுங்க சுவாமி, பேரை மட்டும் போடாதீங்க” என்றார்.

முதலில், எந்த ஆபரேஷனைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெரிந்துகொள்வோம். பெருங்குடலின் கடைசிப் பகுதி, ஒரு சாணுக்கும் குறைவான நீளமுள்ளது, இடுப்பெலும்புக் கூட்டுக்குள்ளே அடங்கியிருக்கிறது. இதை மலக்குடல் என்பார்கள். அதை ஒட்டினாற்போலவே சிறுநீர்ப்பையின் நரம்புகளும், தாம்பத்திய வாழ்வுக்கு வேண்டிய நரம்புகளும் செல்லுகின்றன. அந்தக் குறுகிய இடத்தில் புற்று வந்தால், அதை எடுப்பது பழங்காலத்தில் மரணத்தோடு விளையாடுவதாகவே இருந்தது. லண்டன் நகரத்துச் சத்திர வைத்தியர் எர்னஸ்ட் மைல்ஸ் என்பவர் கீழ் வழியாக மட்டும் அறுத்துப் பார்த்தார். அவர் நோயாளிகள் 57 பேரில் 54 பேருக்கு நோய் திரும்பவும் வந்துவிட்டது. அதைக் கண்டு மனம் நொந்து, வயிற்றையும் திறந்து, கீழிருந்தும் அறுத்து, மலக்குடலையும் ஆசனவாயையும் சுற்றியுள்ள நிணநீர்க் கழலைகளையும் ஒருசேர எடுத்துவிட்டு, வயிற்றில் நிரந்தரமாக ஒரு வாசல் வைக்கும் முறையை 1908-ம் ஆண்டில் வெளியிட்டார். அவர் முதலில் அப்படிச் செய்த 12 பேரில் 5 பேர் ஆபரேஷனிலேயே மாண்டார்கள். ஆனாலும் பிழைத்தவர்களுக்கு நோய் திரும்புவது வெகுவாகக் குறைந்தது. அந்த முறையைத் திருத்தித் திருத்தித்தான் பின்வந்தவர்கள் இலட்சக்கணக்கான உயிர்களைக் காத்தார்கள். இங்கிலாந்தில் பேசிங்ஸ்டோக் ஊரைச் சேர்ந்த பில் ஹீல்டு என்ற வைத்தியர், மலக்குடலைச் சுற்றியுள்ள கொழுப்புறையை அதன் இயற்கையான மடிப்பிலேயே முழுசாகப் பிரித்தெடுக்க வேண்டும் என்று 1982-ம் ஆண்டில் எழுதிக் காட்டிய பிறகு, நோய் அதே இடத்தில் திரும்புவது மேலும் குறைந்தது; பலருக்கு ஆசனவாயைக் காப்பாற்றிக் குடலைச் சேர்த்துத் தைக்கவும் முடிந்தது.

பெரிய ஆபரேஷன் என்றால் ஏதோ டாக்டர்கள் பணத்துக்காகச் செய்கிற கொடுமை என்று நினைக்கிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அதற்காகவே இவ்வளவும் சொன்னேன். அது மனிதர் கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்த தர்மமான சிகிச்சை. இன்றைக்கும் அநேகருக்கு அதுவே சரியான வழி.

ஆனாலும் அதன் விலை பெரிது. வயதானவர்கள் சிலர் ஆபரேஷனைத் தாங்காமல் இறக்கிறார்கள். சிலருக்குச் சிறுநீர் கட்டுப்படுவதில்லை. குடலைச் சேர்த்துத் தைத்தவர்களுக்குக்கூட ஒரு நாளில் பலமுறை வெளிக்குப் போகவேண்டியிருக்கிறது. அவசரம் வந்தால் அடக்க முடிவதில்லை. சேர்க்க முடியாதவர்களுக்கு ஆயுள் முழுவதும் பை.

இனி, சிறிய வழிகள் என்று எவற்றைச் சொல்லுகிறார்கள்? இங்கேதான் ஜனங்களுக்குள் குழப்பம் அதிகம். “துளை போட்டுச் செய்கிறார்களே, அது சின்ன ஆபரேஷன்தானே?” என்று கேட்கிறார்கள். அல்ல. லேப்ராஸ்கோபி என்பதில் வாசல் சிறிது. உள்ளே நடக்கும் வேலை அதே வேலை. அறுத்தெடுக்கும் குடலின் நீளமும் அதே நீளம். 1990-களில் இந்த முறை குடல் புற்றுக்கு வந்தபோது, துளை போட்ட இடத்திலேயே புற்று முளைக்கிறதென்று வைத்தியர்கள் பயந்தார்கள். பிறகு அமெரிக்காவிலும் கனடாவிலும் 48 இடங்களில் 872 நோயாளிகளைக் கொண்டு இரண்டு முறைகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, 2004-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். மூன்று ஆண்டில் நோய் திரும்பியது துளை முறையில் 100-க்கு 16 பேருக்கு, திறந்த முறையில் 100-க்கு 18 பேருக்கு; ஏறக்குறைய ஒன்றே. அது மேலே உள்ள பெருங்குடலைப் பற்றிய கணக்கு. மலக்குடலைப் பற்றி 2015-ம் ஆண்டில் வெளிவந்த இரண்டு ஆராய்ச்சிகளோ, துளை முறை திறந்த முறைக்குக் குறைந்ததல்ல என்பதை நிரூபிக்க முடியவில்லை என்றன. ஆகவே கைதேர்ந்த வைத்தியரிடம் துளை முறை நோவைக் குறைக்கும், சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பும்; குடலைக் காப்பாற்றித் தராது.

குடலையே காப்பாற்றுகிற வழிகள் வேறு. நோய் மிக ஆரம்பத்தில், குடலின் உட்தோலளவில் இருக்குமானால், கொலனோஸ்கோபிக் குழாய் வழியாகவே நுண்ணிய கத்தி கொண்டு அதை உரித்தெடுக்கும் வித்தையை ஜப்பான் தேசத்து வைத்தியர்கள் வளர்த்திருக்கிறார்கள். ஜெர்மனியில் கெர்ஹார்ட் பூயெஸ் என்ற வைத்தியர் 1980-களின் தொடக்கத்தில், ஆசனவாய் வழியாக ஒரு பெரிய குழாயை வைத்து, பூதக்கண்ணாடி போன்ற கருவியால் பார்த்துக்கொண்டே புற்றுள்ள இடத்தை மாத்திரம் வெட்டித் தைக்கும் முறையைக் கொண்டுவந்தார். வயிற்றில் காயமே இல்லை. ஆனால் ஒரு சங்கடம். புற்று குடல் சுவரின் அடுத்த அடுக்கை எட்டியிருந்தாலே, பத்தில் ஒருவருக்கு அருகிலுள்ள கழலைகளிலும் அது பரவியிருக்கும். இடத்தை மட்டும் வெட்டினால் கழலை உள்ளேயே நின்றுவிடும். அதனால்தான் வெட்டியெடுத்த சதையைச் சோதித்த பிறகு, “இன்னும் பெரிய ஆபரேஷன் வேண்டும்” என்று சிலருக்குச் சொல்ல நேருகிறது. இது டாக்டர் வார்த்தை மாறுவது அல்ல; சதை சொல்லும் சாட்சியைக் கேட்டு நடப்பது.

மூன்றாவது வழியைத்தான் அந்தப் பெரியவருக்குச் சொல்லியிருந்தார்கள். அதன் கதை பிரேசில் தேசத்து ஸாவோ பாவ்லோ நகரத்தில் தொடங்குகிறது.

அங்கே ஆஞ்செலீத்தா ஹாப்ர்-காமா என்ற பெண் வைத்தியர் இருந்தார். அவரும் கத்தி பிடிக்கிற சத்திர வைத்தியரே. மலக்குடல் புற்றுக்கு ஆபரேஷனுக்கு முன்பாகக் கதிர் சிகிச்சையும் மருந்தும் கொடுத்துக் கட்டியைச் சுருக்குவது வழக்கம். அப்படிக் கொடுத்தபின் சிலரிடம் கட்டி சுருங்குவது மட்டுமல்ல, விரலுக்கும் கண்ணுக்கும் அகப்படாமல் அடியோடு மறைந்துபோவதை அவர் கண்டார். மறைந்துபோன கட்டிக்காக ஒருவர் ஆசனவாயை இழக்க வேண்டுமா என்ற கேள்வி அவரை விடவில்லை. 1991-ம் ஆண்டு முதல், அப்படி மறைந்தவர்களை ஆபரேஷன் செய்யாமல், அடிக்கடி வரவழைத்துப் பரிசோதித்துக் கொண்டே இருந்தார். 2004-ம் ஆண்டில் கணக்கை வெளியிட்டார். சிகிச்சை பெற்றவர் 265 பேர். 71 பேருக்குக் கட்டி மறைந்து ஆபரேஷன் நடக்கவில்லை. மற்ற 194 பேருக்கும் நடந்தது. இனி வருவதைக் கவனமாய் வாசியுங்கள்: ஆபரேஷன் நடந்தவர்களில் 22 பேருடைய அறுத்தெடுத்த குடலைச் சோதித்துப் பார்த்தபோது, அதில் புற்று எங்குமே இல்லை. அந்த 22 பேரில் 9 பேர் நிரந்தரமாகப் பை கட்டிக்கொண்டார்கள். 7 பேர் சிலகாலம் கட்டினார்கள். அவர்களைக் காட்டிலும் ஆபரேஷன் இல்லாமல் காத்திருந்தவர்கள் ஐந்து ஆண்டில் எவ்விதத்திலும் மோசமாய்ப் போகவில்லை.

அந்த ஒன்பது பேரை நான் பலமுறை நினைத்துக்கொண்டதுண்டு. அவர்களுக்குத் தவறு செய்தவர் ஒருவருமில்லை. தெரிந்தமட்டும் நன்மையென்று நினைத்தே செய்தார்கள்.

உலகத்து வைத்தியர்கள் பலர் முதலில் அந்த அம்மையாரை நம்பவில்லை. அவர்கள் சந்தேகித்ததிலும் நியாயம் இருந்தது. முதல் ஓராண்டு முழுவதும் கட்டி மறுபடி தலைகாட்டாதவர்களையே அவர் அந்த 71-ல் சேர்த்திருந்தார். பின்பு ஹாலந்து தேசத்து மாஸ்ட்ரிக்ட் நகரத்தில் 21 பேரிடம் இதே முறையைச் செய்து 2011-ம் ஆண்டில் வெளியிட்டபோது நம்பிக்கை பிறந்தது. 2018-ம் ஆண்டில் 15 தேசங்களின் கணக்கைச் சேர்த்து, கட்டி முழுதும் மறைந்த 880 பேரைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் 100-க்கு 25 பேருக்கு இரண்டு ஆண்டுக்குள் கட்டி மறுபடி வளர்ந்தது. வளர்ந்தவற்றில் 100-க்கு 97 குடல் சுவரிலேயே இருந்தபடியால், கவனித்துக்கொண்டிருந்தவர்கள் கண்டுபிடிக்க முடிந்தது. அவர்களில் அநேகருக்கு அப்போது ஆபரேஷன் செய்யவும் முடிந்தது. ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது: அப்படி மறுபடி வளர்ந்தவர்களில் நோய் வேறு உறுப்புகளுக்குப் பரவுவதும் மற்றவர்களைவிட அதிகமாய்க் காணப்பட்டிருக்கிறது. மேலும் இது எல்லாருக்கும் கிட்டுகிற பாக்கியமும் அல்ல. கதிரும் மருந்தும் பெற்றும் கட்டி மறையாதவர்கள் ஏராளம். மலக்குடலுக்கு மேலே உள்ள பெருங்குடல் புற்றுக்கு இந்த முறை வழக்கத்திலும் இல்லை. அங்கே வியாதிப்பட்ட பகுதியை அறுத்தெடுப்பதுதான் வழி.

இவ்வளவையும் தெரிந்துகொண்டு கற்பனைக்கு வருவோம்.

உயிர் நமக்குச் சொந்தமல்ல. அது சர்வேசுரன் நம்மிடம் ஒப்படைத்த பொருள். அதைக் காப்பாற்றக் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் எவ்வளவு தூரம்? இந்தக் கேள்வியைத் திருச்சபையின் வேதசாஸ்திரிகள் நேற்று இன்று கேட்டதல்ல. ஸ்பெயின் தேசத்து சலமாங்கா சர்வகலாசாலையில் போதித்த பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா என்ற சாமிநாதர் சபைக் குருவானவர், 16-ம் நூற்றாண்டிலேயே இதை ஆராய்ந்தார். கோழியும் கௌதாரியும் தின்றால் இன்னும் இருபது வருஷம் இருப்பாய் என்று வைத்தியர் சொன்னாலும், ஒருவன் அவற்றை வாங்கித் தின்னக் கடமைப்பட்டவனல்ல, தன் ஊரில் மற்றவர்கள் உண்ணும் சாதாரண உணவே போதும் என்று அவர் போதித்தார். தன் ஆஸ்தி முழுவதையும் மருந்துக்குச் செலவழிக்கவும் கடமையில்லை என்றார். (நம் ஊரில் கோழி மலிந்து கிடக்கிற இந்தக் காலத்தில் உதாரணம் வேடிக்கையாயிருக்கலாம், கருத்து வேடிக்கையல்ல.) அவருக்குப் பின் வந்த அதே சபையின் தோமிங்கோ பாஞெஸ் என்பவர், சாதாரண உபாயங்கள், அசாதாரண உபாயங்கள் என்று பிரித்துப் பெயர் வைத்தார். சாதாரண உபாயங்களை உபயோகிக்கக் கடமை உண்டு, அசாதாரணமானவற்றுக்கு இல்லை. மயக்க மருந்து இல்லாத அந்தக் காலத்தில் காலை வெட்டியெடுப்பதைப் போன்ற தாங்கமுடியாத வேதனை தரும் சிகிச்சைகளை அவர்கள் அசாதாரணமானவற்றில்தான் வைத்தார்கள்.

பன்னிரண்டாம் பத்திநாதர் பாப்பானவர் 1957-ம் ஆண்டு நவம்பர் 24-ந் தேதி மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியர்களிடம் பேசியபோது இதே போதகத்தை உறுதிப்படுத்தினார். ஆளையும் இடத்தையும் காலத்தையும் பார்த்தே எது சாதாரணம் என்று தீர்மானிக்க வேண்டும். தனக்கோ பிறருக்கோ மிகுந்த பாரமாயிருப்பதைச் செய்யும்படி ஒருவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்பது அவர் போதித்ததன் சாரம். 1980-ம் ஆண்டு மே 5-ந் தேதி ரோமையிலிருந்து வெளிவந்த அறிக்கை இதையே இன்னும் விளக்கி, சிகிச்சையின் கஷ்டம், ஆபத்து, செலவு இவற்றை அதனால் எதிர்பார்க்கும் பலனோடு நிறுத்துப் பார்க்கச் சொன்னது. நோயாளியின் சரீர பலத்தையும் மனோபலத்தையும்கூடச் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. ஆபத்தும் பாரமும் உள்ள ஒரு சிகிச்சையை வேண்டாமென்பது தற்கொலை ஆகாது என்றும் வெளிப்படையாகவே சொன்னது.

அப்படியானால் பெரியவரின் கேள்விக்குப் பதில் என்ன? பாவமல்ல. இரண்டு வழிகளும் நியாயமானவையாயிருக்கும்போது, கடினமானதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமென்று எந்தக் கற்பனையும் இல்லை. “கஷ்டம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு புண்ணியம்” என்று சொல்லி நோயாளிகளைக் கத்திக்கு அனுப்புகிற பக்திமான்களை நான் பார்த்திருக்கிறேன். நானே ஒருகாலத்தில் அப்படிப்பட்டவனாயிருந்தேன் என்று மேலே ஒப்புக்கொண்டுவிட்டேன். சிலுவை சர்வேசுரன் தருவது; நாமாகத் தச்சனிடம் போய்ப் பெரிதாகச் செய்து வாங்கிக்கொண்டு வருவது அல்ல.

ஆனால் பதில் இதோடு முடிந்துவிடவில்லை. அன்று நான் பெரியவரை உட்காரவைத்துக் கேட்டேன். “ஆபரேஷன் வேண்டாம் என்கிறீர்களே, எதனால்?”

நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு சொன்னார்: “பைதான் சுவாமி. அதைக் கட்டிக்கொண்டு நான் எப்படிக் கோயிலுக்கு வருவேன்? பக்கத்தில் உட்கார்ந்தவர் முகத்தைச் சுளித்தால்?”

அந்தக் கோயிலில் அப்போது தினப் பூசைக்கு வருகிறவர்களில் ஒரு தாயார், பல வருஷமாகப் பை கட்டியிருந்தார். அவர் பக்கத்தில் முழங்காலிட்டவர்களுக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்தது நோயில் பூசுதல் கொடுத்தபோது அவரே சொன்னதால். அந்த அம்மாளின் உத்தரவைப் பெற்று, பெரியவரை அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்து வரச் சொன்னேன். போனார். ஒருமணி நேரம் இருந்து காப்பி சாப்பிட்டுவிட்டு வந்தார். எவ்வளவு நேரத்துக்கொரு முறை மாற்றுவது, வாசனை வராமல் எப்படி ஒட்டுவது, கலியாண வீட்டுக்குப் போகும்போது முந்தின நாள் என்ன சாப்பிடுவது என்றெல்லாம் அந்த அம்மாள் சொல்லிக் கொடுத்திருக்கிறார். திரும்பி வந்த பெரியவர், “பயம் போகவில்லை சுவாமி, ஆனால் பாதியாகிவிட்டது” என்றார்.

இதை ஏன் செய்தேன்? வெட்கத்தால் ஒருவர் எடுக்கிற தீர்மானம் விவேகத்தால் எடுத்த தீர்மானம் ஆகாது. சிறிய சிகிச்சையைத் தேர்ந்துகொள்ளலாம். ஆனால் பெரியதைப் பார்த்து ஓடுவதற்காக அதைத் தேர்ந்துகொண்டால், பிறகு பெரியது தேவைப்படும் நாளில் அதற்கும் வேண்டாமென்று சொல்லிவிடுவோம்.

இந்தச் சிறிய வழியில் ஒரு பெரிய கடமை ஒளிந்திருக்கிறது. ஆபரேஷன் செய்துகொள்பவர் ஒருநாள் துணிந்தால் போதும். காத்திருப்பவர் ஐந்து வருஷம் துணிய வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகளில் சுமார் மூன்று மாதத்துக்கொரு முறை விரல் பரிசோதனை, குழாய் விட்டுப் பார்த்தல், ஸ்கேன்; பிறகும் ஆறு மாதத்துக்கொரு முறை. மறுபடி வளர்வனவற்றில் பெரும்பாலானவை அந்த இரண்டு ஆண்டுக்குள்ளேயே வளருவதால், அப்போது ஒரு தவணை தவறினாலும் ஆபத்து. “இப்போது ஒன்றும் தெரியவில்லையே, அறுப்பு வேலை முடியட்டும், மகள் பிரசவம் ஆகட்டும்” என்று தள்ளிப் போடுகிறவருக்கு இந்த வழி ஏற்றதல்ல. அவர் ஆபரேஷன் செய்துகொள்வதே நல்லது. நம் ஆண்டவர் சொன்ன உவமையில் விழித்திருந்த ஊழியர் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் அல்லவே. இடுப்பைக் கட்டிக்கொண்டு, விளக்கை ஏற்றி வைத்திருந்தவர்கள்.

இன்னொரு கூட்டத்தாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எந்தச் சிகிச்சையும் வேண்டாம், நவநாள் செய்து எண்ணெய் பூசினால் போதும் என்பவர்கள். புற்றுநோய்க்காரரின் பாதுகாவலரான அர்ச்சியசிஷ்ட பெரெக்ரீனை இவர்கள் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். அந்த அர்ச்சியசிஷ்டவரின் சரித்திரத்தைச் சரியாகப் படியுங்கள். இத்தாலி தேசத்து ஃபொர்லி ஊரைச் சேர்ந்த அவருக்குக் காலில் ஆறாத புண். காலை எடுத்துவிட வேண்டுமென்று வைத்தியர் தீர்மானித்தார். முந்தின இரவு, பாடுபட்ட சுரூபத்தண்டை ஊர்ந்து போய் ஜெபித்தார்; காலையில் புண் ஆறியிருந்தது என்பது வரலாறு. அவர் வைத்தியரைத் துரத்திவிடவில்லை. மறுநாள் காலை இழக்கத் தயாராகவே படுத்திருந்தார். சிகிச்சையைத் தள்ளிவிட்டுப் புதுமையைக் கேட்பது சர்வேசுரனைச் சோதிப்பது.

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை. நோயாளியிடம் நோயின் பெயரையே சொல்லாமல், மகன்களும் மருமகன்களும் வராந்தாவில் நின்று டாக்டரிடம் தீர்த்துவிடுகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அன்பினால் செய்கிறார்கள், ஆனால் அநியாயம். தீர்மானிக்கிற உரிமை, அறிவும் நினைவும் உள்ளவரைக்கும் நோயாளிக்கே உரியது என்று நம் ஞானோபதேசம் போதிக்கிறது. அவருடைய சரீரம், அவருடைய ஆத்துமம். நீங்கள் செய்ய வேண்டியது அவருடன் போய் உட்கார்ந்து, அவர் மறந்த கேள்விகளைக் கேட்பது. “கட்டி எந்த அளவில் இருக்கிறது? எனக்கு மறையக்கூடிய வாய்ப்பு எப்படி? இந்த முறையை நீங்கள் எத்தனை பேருக்குச் செய்து தொடர்ந்து பார்த்திருக்கிறீர்கள்? மறுபடி வளர்ந்தால் என்ன செய்வீர்கள்?” இவற்றுக்குக் கோபப்படாமல் பதில் சொல்கிறவர் நல்ல வைத்தியர். எங்கும் தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவர் இன்னும் நல்லவர்.

செலவைப் பற்றியும் வெட்கப்படாமல் பேசுங்கள். நியூயார்க் நகரத்தில் 2022-ம் ஆண்டில், ஒருவகை மலக்குடல் புற்றுள்ள 12 பேருக்குக் கத்தியும் இல்லாமல் கதிரும் இல்லாமல், தோஸ்தார்லிமாப் என்ற மருந்தை மூன்று வாரத்துக்கொரு முறை ஏற்றியதிலேயே கட்டி மறைந்தது. 12 பேருக்கும் மறைந்தது. பத்திரிகைகளில் பெரிதாக எழுதினார்கள். அதைக் கத்தரித்து என்னிடம் கொண்டுவந்து காட்டியவர்கள் பலர். அது மலக்குடல் புற்றில் 100-க்கு 5 முதல் 10 பேருக்கே உள்ள தனி ஜாதிப் புற்று. சதையைச் சோதித்தால்தான் தெரியும். சோதித்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஆனால் அந்த மருந்தின் விலை சாதாரணக் குடும்பத்தைச் சாய்த்துவிடும். வீட்டை விற்றுத்தான் வாங்க வேண்டுமென்றால் வாங்கக் கடமையில்லை. வாங்காத பிள்ளைகள் தகப்பனைக் கைவிட்டவர்கள் அல்ல; வித்தோரியா சுவாமியார் கோழியையும் கௌதாரியையும் பற்றிச் சொன்னது இவர்களுக்காகத்தான்.

அந்தப் பெரியவர் கரண்ட் சிகிச்சையையும் மருந்தையும் எடுத்துக்கொண்டார். மூத்த மகன் ஒவ்வொரு முறையும் கூடவே போனான். கட்டி நன்றாய்ச் சுருங்கிற்று, ஆனால் மறையவில்லை. ஆபரேஷன் செய்துவிட வேண்டும் என்றார்கள். எனக்குச் சொல்லியனுப்பினார். ஆபத்தான நோய்க்காக ஆபரேஷனுக்குப் போகிறவருக்கு முன்கூட்டியே நோயில் பூசுதல் கொடுக்கலாம். சாகப்போகிறவருக்கு மட்டும் உரியது என்று இன்னும் சிலர் நினைத்துக்கொண்டு, சுவாமியாரைக் கடைசி மூச்சுக்குக் கூப்பிடுகிறார்கள். ஆபரேஷனுக்கு முந்தின மாலை ஆஸ்பத்திரியில் அவருக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்டு, நெற்றியிலும் கைகளிலும் பூசினேன். “வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம் என்று தெரிந்த பிறகு, சரி என்று சொல்வது கஷ்டமாயில்லை சுவாமி” என்றார். மருமகள் எனக்குக் காப்பி வாங்கப் போயிருந்தாள். அவர் என் காதோடு, அந்தத் தாயார் எந்தக் கடையில் பை வாங்குகிறார் என்று விசாரித்துச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்.